கிருபை படியேறிய வாரம்

இட்லித் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கிருபை கேட்டாள்: "லிஃப்ட்ல ஒட்டியிருக்கது நீங்க எழுதுனதா?"

"சங்கத் தலைவர் எழுதாம பின்ன யாரு எழுதுவா?" தேவபிரசாதம் நாளிதழிலிருந்து தலையைத் தூக்கவில்லை. துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரான பிறகு, ஓய்வு பெற்றதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

'வேலை செய்பவர்கள் படி வழியாக மட்டுமே வர வேண்டும்.' அதுதான் அறிவிப்பு.

"முத்துக்கனிக்கு மூட்டுவலி. பாத்திரம் தேய்க்க வாரவ நாலு மாடி எப்படிங்க ஏறுவா...?"

"ஏளா, ஏத்தத்தாழ்வு நான் உண்டாக்குனது இல்ல. கப்பல்ல கேப்டனுக்கு ஒரு அறை, சமையல்காரனுக்கு ஒரு அறை. வழிவழியா வந்த ஒழுங்க ஒரே நாள்ல கலைச்சா வீடும் நிக்காது, நாடும் நிக்காது."

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்கும் பேச்சு. அந்த ஒழுங்குக்காகத்தான் நாசரேத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் வேலையை விட்டாள். அவருடைய தங்கைகள் இருவரையும் வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"வேலை செய்யுதவங்க எல்லாரும் படியிலதான் வரணும். அப்படித்தான?"

"அதான் எழுதியிருக்கே."

அன்று மீன் வாங்கித் திரும்பியவள் முத்துக்கனியோடு படியேறினாள். முத்துக்கனி பதறினாள். "அம்மா, நீங்க லிஃப்ட்ல போங்க."

"நீ ஏழு மணிக்கு வேலைக்கு வாரவ. நான் அஞ்சு மணிக்கே அடுப்படிக்கு வந்தவ. நட."

மறுநாள் இரண்டாம் மாடி ஆசிரியை கூட வந்தாள். வியாழக்கிழமைக்குள் படியெல்லாம் பெண்கள் கூட்டம். லிஃப்டில் ஆண்கள் மட்டும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போய்வந்தார்கள்.

தேவபிரசாதத்துக்குப் பொறுக்கவில்லை. "சனிக்கிழமை நம்ம சுதாவப் பொண்ணு பாக்க சாத்தான்குளத்துக்காரங்க வாராங்க. எம் மானத்த வாங்கணும்னே ஏறுதியா?"

"ஒங்க மானத்துக்காகத்தான் இத்தன வருசம் இந்த அடுப்படியில நின்னேன்... ஒரு நாளாவது இவ வேலை செய்யுதான்னு சொன்னீங்களா? சும்மா வீட்ல இருக்கான்னுதான சொன்னீங்க..." குரல் உடைந்தது.

மகள் ஜெபசுதாவும் அப்பா பக்கம் சேர்ந்துகொண்டாள். "எனக்காக அன்னைக்கு மட்டும் லிஃப்ட்ல வாங்கம்மா." அதுதான் கிருபையை அதிகம் சுட்டது.

சனிக்கிழமை, பழம் வாங்கி வந்த கிருபையும் முத்துக்கனியும் மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்கள். கீழேயிருந்து பட்டுச்சேலைக்காரி ஒருத்தி சுவரைப் பிடித்தபடி ஏறி வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ரேச்சல்.

கிருபை பதறி எழுந்தாள். "லிஃப்ட் இருக்கே, மைனி..."

"எம் மகனும் அவன் அப்பாவும் அதுல போயிட்டாங்க. நான் லிஃப்ட்ல ஒட்டியிருந்தத வாசிச்சேன். நர்ஸ் வேலையில இன்னும் ரிட்டையர் ஆகலையே நான்." ரேச்சல் அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். "யாரு இத எழுதுன புண்ணியவான்?"

ஒரு வார்த்தையில் அவரைக் காட்டிக்கொடுத்திருக்கலாம்.

"ஒழுங்கு பாக்குத மனுசன்" என்றாள் கிருபை. "கெட்டவரு இல்ல, மைனி."

ரேச்சலைக் காணாமல் தேடி இறங்கிவந்த தேவபிரசாதமும் ஜெபசுதாவும் அதைக் கேட்டு மேல் படியிலேயே நின்றுவிட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"எழுதுனது நான்தாம்மா" என்றார் ரேச்சலிடம். "இன்னைக்கே அத எடுத்துருதேன்."

"அப்போ செஞ்சது தப்புன்னு சொல்லுதீங்களா?" என்றாள் கிருபை.

"நான் அப்படிச் சொல்லல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தக் கட்டடத்துல ஆதியிலருந்தே எல்லாரும் லிஃப்ட்லதான் போனாங்க. நடுவுல வந்தது என் அறிவிப்பு. புதுசா வந்ததத் தூக்கிட்டுப் பழைய வழக்கத்துக்குத் திரும்புதோம். அவ்வளவுதான்."

முத்துக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிருபைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ஜெபசுதா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சிருங்கம்மா..." என்று தோளில் முகம் புதைத்தாள்.

அறிவிப்பை எடுக்க தேவபிரசாதம் பெண்களைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கினார். இரண்டு படி போனவர் நின்று, மனைவியைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "டீச்சர் வேலைய நீ விட்டிருக்க வேண்டாம், கிருபை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மெதுவா இறங்குங்க" என்றாள். "காலையில பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"