இடைவெளியில் ஒரு கருப்பு

கருவிக்குள் சோதனைக்காக வைத்த தண்ணீர்ப் புட்டியில் இரும்பு இருக்க வழியில்லை. ஆனால் திரையில் தெரிந்த அதன் வெள்ளை வட்டத்தின் ஓரத்தில், இரும்பு அருகிலிருந்தால் மட்டுமே விழும் கருப்பு விழுந்திருந்தது. அவள் புட்டியை மாற்றிப் பார்த்தாள். கருப்பு போகவில்லை, இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்திருந்தது.

இரண்டு பெரிய காந்த வளையங்கள். நடுவே ஒரு மருத்துவர் நின்று, தலைக்குள்ளே நடப்பதைத் திரையில் பார்த்தபடியே ஊசி செலுத்த ஓர் இடைவெளி. அவள் வரைந்து அழித்து வரைந்து உருவாக்கிய ஸ்கேன் கருவி. போன மாதம் கதவருகே யாரோ வைத்த இரும்பு நாற்காலியைப் பிடுங்கி, அப்பளமாய் நொறுக்கி, தன்மேல் ஒட்டிக்கொண்டது. இன்று முதன்முதலாக அதில் ஒரு மனிதன் படுக்கிறான். அவள் தம்பி. அக்காவுக்காக ஒப்புக்கொண்டவன்.

உதவியாளனின் சலவை கலையாத சட்டையால் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். தம்பியின் பைகளைத் தடவி, பெல்ட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டு, "பல்லு மட்டும்தான் மிச்சம். அதையும் கழட்டணும்னா சொல்லுங்கக்கா" என்றான். திரையில் விழுந்த கருப்பு பற்றி அவள் கேட்டதற்கு ஏதாவது சின்னக் கோளாறாக இருக்கும் என்றான். மருத்துவமனைக்காரர்கள் வெளியே காத்திருந்தார்கள். அவள் தலையாட்டினாள்.

தலை அசையாமலிருக்கப் போடும் பிளாஸ்டிக் பட்டை தம்பியின் நெற்றியில் உறுத்தியது. அதை எடுத்துவிட்டு, மெத்தென்ற துணி நாடாவால் கட்டி முடிச்சிட்டு, அவன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். மாப்பிள்ளை அவன் கையைப் பிடித்தபடி இடைவெளியில் நின்றுகொண்டான்.

கண்ணாடிக்கு இப்பால் அவள் உட்கார்ந்தாள். சுத்தியலால் தகரத்தை அடிப்பதுபோல் கருவி இடிக்கத் தொடங்கியது. சூடான வயரின் வாசனை எழுந்தது. திரையில் தம்பியின் மூளை சாம்பல் பூவாக ஒவ்வொரு மடிப்பாய் விரிய, ஓரத்திலிருந்து அந்தக் கருப்பு ஒவ்வொரு படத்திலும் அவன் நெற்றிப்பொட்டை நெருங்கியது. இப்போது அதற்கு உருவம் இருந்தது. விரிந்த இரண்டு கால்கள். பின்னால் இரண்டு வளையங்கள்.

"அக்கா, அவுத்து விடு. மூச்சு முட்டுது." தம்பியின் குரல்.

மாப்பிள்ளை முடிச்சை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தான். அவிழவில்லை. கருப்பு பொட்டைத் தொட்டது. மேசையில் கிடந்ததை எடுத்துக்கொண்டு அவள் ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

"அக்கா, கையில..." மாப்பிள்ளை கத்தினான்.

கத்தரிக்கோல்.

விரல்களைக் கிழித்துக்கொண்டு அது பறந்தது. மாப்பிள்ளை குறுக்கே கையை நீட்டினான். தன்னுடையது அல்லாத ஒரு தலைக்காக. உள்ளங்கையைத் துளைத்து, அந்தக் கையையே தம்பியின் பொட்டோடு சேர்த்துத் தைத்தது. எலும்பு உடையும் சத்தம். வெள்ளைச் சட்டை சிவந்தது. இருவரும் உயிரோடு அலறினார்கள். காந்தம் இன்னும் இழுத்தது. இன்னும் உள்ளே.

சிவப்புப் பொத்தானை அடித்தாள். காந்தம் சட்டென்று சாகாது. அவளுக்குத் தெரியும்.

மருத்துவருக்காக வளையத்தில் அவளே பொருத்திய திரையில் அடுத்த படம் வந்தது. ஓரத்தில் புதிதாக ஒரு கருப்பு. நீளமாக. பருமனாக.

நடைபாதையில் சக்கரங்கள் உருளும் சத்தம். அலறலைக் கேட்டு, யாரோ ஒரு நல்ல மனிதர், ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார்.