பேட்டரியைக் கழற்றியவள்

"மேசைய விடுங்க. நான்தான் மொதல்ல வந்தேன்," என்றாள் பிளசி.

"ஏங்க, உங்க பேரு எழுதியிருக்கா?"

பாப்பாரப்பட்டி பால் சொசைட்டி வாசலில் நல்ல மழை. கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றிச் சுமந்துவந்த கலைவாணனின் இமை நுனியில் ஒரு துளி... விழவா வேண்டாமா என்று தொங்கியது. பிளசி சட்டென்று பார்வையைத் திருப்பினாள். ச்சே, வாய் இப்படி, கண்ணு மட்டும் நல்லா இருக்கு.

பால் ஊற்றுபவர்களுக்குச் சீட்டு அடிக்கும் பழைய கம்ப்யூட்டர், தினமும் வரிசையின் நடுவில் நின்றுபோனது. அதனால் செயலாளர் சின்னராஜ் இருவரையும் வரவழைத்திருந்தார். அவனுடையதில் விண்டோஸ். அவளுடைய பழைய லேப்டாப்பில் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ். எது நிற்காமல் ஓடுகிறதோ, அதைக் கொண்டுவந்தவருக்குச் சீட்டு அடிக்கும் வேலை. கிடைக்காவிட்டால் ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏறவேண்டும் என்று அவள் அப்பா சவுரியப்பன் கறாராகச் சொல்லியிருந்தார்.

"ஓசில வர்றது எவ்ளோ நேரம் தாங்கும்?" என்றான்.

"அப்டேட்டுனு சொல்லி நடுவுல படுக்காதுங்க."

ஆளுக்கொரு வரிசையாகப் பால் ஊற்றுபவர்கள் நகர்ந்தார்கள். பாலைக் குளிர வைக்கும் மோட்டாரைச் சின்னராஜ் போட்டார். விளக்கு அணைந்து எரிந்தது. கலைவாணனின் திரை இருண்டது. லேப்டாப் ஓடிக்கொண்டே இருந்தது.

"லினக்ஸுதான்யா!" என்றார் சின்னராஜ். கலைவாணன் வயரைச் சுருட்டினான்.

பிளசிக்குப் புரிந்துவிட்டது. ஜெயித்தது லினக்ஸ் இல்லை... பேட்டரி. வாயை மூடிக்கொண்டால் ஓசூர் இல்லை. யாருக்கும் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரியுமே.

"அவரு சிஸ்டம் மேல தப்பில்லைங்க. மோட்டார் போட்டா கரண்ட் போயி வருது."

அவன் நிமிர்ந்தான். "எனக்குப் பாவம் பாக்க வேணாங்க."

"பாவமா? உங்களுக்கா?" பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். லேப்டாப்பை வெறும் கரண்டில் ஓடவிட்டாள். "இப்ப மோட்டார நிறுத்திட்டுப் போடுங்க."

போட்டார். அவள் திரையும் செத்தது.

"ரெண்டும் ஒரே வூட்டுப் புள்ளைங்கதான் போல!" வரிசையில் நின்ற குள்ளம்மாள் சிரித்தாள்.

சின்னராஜ் தலையைச் சொறிந்தார். "மோட்டாருக்குத் தனி லைன் இழுத்துடறேன். நாளைக்கு ரெண்டு பேரும் மறுபடி வாங்க."

பால் கேனோடு நின்ற சவுரியப்பன் கொதித்தார். "கைக்கு வந்த வேலைய... அதுவும் நம்ம மாதா கோயில் ஆளுகூட இல்ல, அவனுக்காக!"

"திருட்டு ஜெயிப்பு எனக்கு வேணாம்பா. ஓசூர் பஸ்லயும் ஏறமாட்டேன்."

வாசலுக்குப் போன அவள் பின்னாலேயே கலைவாணன் வந்தான். "எதுக்குங்க அப்படிச் செஞ்சீங்க?"

"உங்கள நேரா நின்னு தோக்கடிக்கணும்."

"அவ்ளோதானா...?"

வரிசை முழுக்கக் காதைத் தீட்டியது. அப்பாவும்தான். கேட்கட்டுமே.

"இல்ல. உங்களப் புடிச்சிருக்கு."

அவன் கண்கள் தடுமாறின. "எனக்கும்தாங்க... வந்ததும் சண்டைக்கு நின்னீங்களே, அப்பவே. ஆனா நாளைக்கு விட்டுக்குடுக்க மாட்டேன்."

"விட்டுக்குடுத்துப் பாருங்க... உங்க மூஞ்சில முழிக்கவே மாட்டேன்."

அப்பா கேனை ஓங்கித் தரையில் வைத்தார். அவள் திரும்பவில்லை. அவனைத்தான் பார்த்தாள்... கண் இமைக்காமல்.