இரண்டு ரூபாய்க் குற்றி அளவு

திங்கட்கிழமை, காலை 8.10. எட்டு மாதமாகப் பேணி வளர்த்த உயிர்க்கலங்கள் கிண்ணத்தில் செத்துக் கிடந்தன. அவற்றை உடல்சூட்டில் வைத்திருந்த இன்கியூபேட்டரின் பிளக் தரையில் கிடந்தது. கண்டியின் அந்த ஆய்வுகூடத்தைக் கூட்டித் துடைக்கும் கிருஷாந்தியின் முன்னால் பேராசிரியர் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். பிளக்கைக் கழற்றியது தான்தான் என்று அவள் எழுதித் தர வேண்டுமாம். அவளுடைய வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது; எழுதிக் கொடுத்தால் அந்த வேலையே போய்விடும்.

"வியாழன் நான் போகேக்கை எல்லாம் சரியா இருந்தது," என்றார் ஆராய்ச்சி மாணவர் திவாகரன். "வெள்ளி போயா லீவோட சேத்து மூண்டு நாள் பூட்டு. இண்டைக்கு ஏழரைக்கு வந்து பாத்தா பிளக் கீழ கிடக்கு."

"தோட்டத்தில இருந்து வாற ஆக்களுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் பேராசிரியர்.

ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள் கிருஷாந்தி. "நான் தொடவே இல்லைங்க சேர்," என்றாள்.

தொழினுட்ப உதவியாளர் நஸ்லியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கேள்வி கேட்காமல் தீர்ப்பா? இன்கியூபேட்டரைத் திறந்து, அடியிலிருந்த தண்ணீர்த் தட்டில் விரலை வைத்தாள். பிறகு உள்ளே இருந்த இரண்டு கிண்ணங்களையும் நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். ஒன்றில் காந்தத் துகள் ஒட்டிய கலங்கள். கிண்ணத்துக்குக் கீழே காந்தம் வைத்தால் துகள்கள் கல மென்சவ்வை இழுக்கும்; இழுபட்டதும் திறக்கும் நுண்வாசல்களால் கல்சியம் உள்ளே பாயும். மற்றது ஒப்பீட்டுக்கு, துகள் போடாதது.

8.35.

"சேர், தண்ணி இன்னும் சூடா இரிக்கி. மூணு நாள் கரண்ட் இல்லாட்டி ஆறிப் போயிரிக்குமே. துகள் இல்லாத கிண்ணம் உசிரோட இரிக்கி. மத்ததிலயும் நடுவுல மட்டுந்தான் சாவு, ரெண்டு ரூவாக் காசுக் குத்தி அளவுக்கு. கரண்ட் போனா வட்டம் போட்டா சாகும்?"

அவள் திவாகரன் பக்கம் திரும்பினாள். "கீழ வச்ச காந்தமும் அந்தளவுதான். அத வியாழன் எடுத்தீங்களா?"

அவர் குனிந்து தரையில் கிடந்த பிளக்கை எடுத்தார்.

"யாழ்ப்பாண பஸ்ஸுக்கு ஓடின அவசரத்தில மறந்திட்டீங்க. மூணு நாளா வாசல் மூடுபடாம கல்சியம் பாஞ்சி கலம் செத்திரிச்சி. காலையில காந்தத்த எடுத்திட்டு, பிளக்கயும் நீங்கதான் கழட்டின."

"ஓம்," என்றார் திவாகரன், தலை நிமிராமல். "பயந்திட்டன்."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "சரி, விடுங்கோ. அவசரத்தில பிழை எல்லாருக்கும் வரும்தானே."

இவ்வளவு நேரம் தலைகுனிந்து நின்ற கிருஷாந்தி அவரை நேராகப் பார்த்தாள்.

"அவரு செஞ்சா பிழை. நான் செஞ்சேன்னு நெனச்சா மட்டும் வேலையே போகணுமாங்க சேர்?"

பதில் வரும்வரை அவள் அந்த இடத்தை விட்டு அசைவதாக இல்லை.