மூன்றாம் தாளின் அடி

கேட் கீப்பரின் மகள் மூன்று பழைய தாள்களைத் துப்பறிவாளரின் மேசைமேல் வைத்தாள். உட்காரச் சொன்ன பிறகும் நின்றபடியே பேசினாள்.

நாற்பது வருடத்துக்கு முன்பு, திறந்து கிடந்த ரயில்வே கேட்டில் ஒரு பஸ் ரயிலில் அடிபட்டது. கேட் கீப்பர் தூங்கிவிட்டார் என்று பத்திரிகையில் வந்தது. அதை வைத்தே வேலையும் போனது. அப்பா அன்றிலிருந்து வெளியே தலை காட்டுவதில்லை. இப்போது அந்தப் பத்திரிகை தன் பழைய செய்திகளைப் புத்தகமாகப் போடுகிறது. இதுவும் அதில் உண்டு. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. நிருபர் அன்று டைப் அடித்து அனுப்பிய தாள்களைப் பத்திரிகையின் நூலகத்தில் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறாள்.

"புத்தகத்துலயும் ஏறிட்டா, அப்பா அந்தப் பேரோடதான் சார் போவார்."

துப்பறிவாளரின் மைத்துனர் எந்த வழக்கிலும் ஐந்தே நிமிடத்தில் ஆளைப் பிடித்துவிடுகிறவர். "நிருபர்தான் அத்தான். பொய்யை எழுதிட்டுப் போய்ச் சேர்ந்துட்டார்" என்றார்.

துப்பறிவாளர் தாள்களைப் புரட்டினார். முதல் இரண்டு தாள்களின் அடியிலும் பேனாவால் 'ஃபாலோஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மூன்றாவது, கேட் கீப்பர் தூங்கிவிட்டதாகப் பேச்சு என்பதோடு நின்றது; அடியில் ஒன்றும் இல்லை. மூன்றையும் சேர்த்து மேசையில் தட்டினார். மூன்றாவது தாள் ஒரு விரல் அகலம் குட்டையாக இருந்தது.

"எலி கடிச்சிருக்கும்" என்றார் மைத்துனர்.

"எலி ஸ்கேல் வச்சுக் கடிக்காதுப்பா."

மூவரும் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்கள். அந்தக் காலத்து உதவி ஆசிரியர்தான் இப்போது புத்தகத்தைத் தொகுப்பவர். பழைய நடைமுறையைக் கேட்டதும் பெரியவர் குஷியாகிவிட்டார். நிருபர் ஒவ்வொரு தாளாக ஆளிடம் கொடுத்தனுப்புவார். அது உதவி ஆசிரியர் கைக்கு வந்து, அங்கிருந்து அச்சுக்கூடத்துக்குப் போகும். இன்னும் வரவேண்டியிருந்தால் அடியில் 'ஃபாலோஸ்', முடிந்தால் 'எண்ட்ஸ்'. ஃபாலோஸ் என்று கண்டுவிட்டால் அச்சுக்கூட ஃபோர்மேன் பக்கத்தை முடிக்கமாட்டார். அடுத்த தாள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"அந்த நிருபர் பால்காரருக்கு எழுதுற சீட்டுலகூட எண்ட்ஸ் போடுவார்" என்று சிரித்தார் பெரியவர்.

துப்பறிவாளர் மூன்றாம் தாளை அவர் முன்னால் வைத்தார். "இதுல எண்ட்ஸ் இல்ல. ஃபாலோஸும் இல்ல. அதை எழுதுற இடமே இல்ல. கத்தரிச்சிருக்கு."

பெரியவரின் சிரிப்பு நின்றது.

"நிருபர் தானே எழுதினதைத் தானே வெட்டணும்னு இல்ல. ஃபோர்மேனுக்கும் அவசியமில்ல, அவர் காத்திருந்தாலே போதும். அவர் காத்திருக்கக் கூடாதுன்னு நினைச்சவர்தான் வெட்டியிருக்கணும். ரெண்டு பேருக்கும் நடுவுல தாள் ஒருத்தர் கையிலதான் இருந்திருக்கு, ஐயா."

மைத்துனர் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். அன்று வெளியூர்ப் பத்திரிகைக் கட்டுகள் போகவேண்டிய ரயிலுக்கு நேரமாகிவிட்டது, அதனால்தான் அடியைக் கத்தரித்து அனுப்பினேன் என்றார். நான்காம் தாள் அரை மணி கழித்து வந்தது. மறுநாள் போடலாம் என்றிருந்தார். போட்டால் கத்தரித்ததைச் சொல்லவேண்டி வரும். நிருபரிடம் தாள் வந்தே சேரவில்லை என்று சொல்லிவிட்டார்.

"நாளைக்கு, நாளைக்குன்னே போயிடுச்சும்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "கிழிச்சுப் போடவும் கை வரல."

அடி இழுப்பறையிலிருந்து அந்த நான்காம் தாளை எடுத்துக் கொடுத்தார். மழையில் தொலைபேசிக் கம்பி அறுந்து கிடந்தது. ரயில் வரும் தகவல் கேட்டுக்குப் போகவே இல்லை. கேட் கீப்பர் விழித்துத்தான் இருந்தார். இதை ஸ்டேஷன் மாஸ்டரே ஒப்புக்கொண்டிருந்தார். அடியில் 'எண்ட்ஸ்'.

அவள் இரண்டு முறை படித்தாள். "இது நாளைக்குப் பேப்பர்லயும் வரணும் ஐயா. அப்பா தினமும் படிக்கிறார்."

பெரியவர் வெள்ளைத் தாளை இழுத்து, தான் செய்ததை எழுதத் தொடங்கினார். ஒரு பக்கம் நிறைந்தது. கையெழுத்துப் போட்டு, அதற்கும் கீழே 'ஃபாலோஸ்' என்று எழுதி, நான்காம் தாளை அதன் பின்னால் குண்டூசியால் குத்தினார்.

அதன் பிறகுதான் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.