கத்தரிப்பூவின் நடுவே

“ஏளா, உனக்கு வாயே கிடையாதா?” என்று பக்கத்துப் பெட்டிக்கடை தேவமணி அண்ணாச்சி ஒருநாள் கேட்டார்.

சுடலைச்செல்வி தலையை மட்டும் ஆட்டினாள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்காட்டு ஊரிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. பழைய பள்ளியின் டி.சி. இன்னும் வந்து சேரவில்லை. அதனால் பள்ளிக்கூடமும் இல்லை, பேச ஒரு தோழியும் இல்லை. துறைமுகச் சாலையில் அம்மாவின் தையல் கடை உண்டு. துணிக் குவியலுக்கு அடியில் ஒரு நோட்டு உண்டு. பார்த்ததையெல்லாம் அதில் வரைவாள். அம்மாவுக்குக்கூடக் காட்டமாட்டாள்.

திங்கட்கிழமை ஒரு மாலுமி வந்தார். பெயர் ஜுகா. போர்னியோ தீவுக்காரர். அவருடைய தோள்பையின் வார் கிழிந்திருந்தது. வாரில் கறுப்பு நூலால் ஒரு பூ, அதன் நடுவில் நத்தை ஓடு போல ஒரு சுழி. இன்னொரு வாரில் இருந்த பூ எப்போதோ தேய்ந்து போயிருந்தது.

ஜுகா தன் மொழியில் பேச, கைபேசி தமிழில் சொன்னது: “புதன்கிழமை கப்பல் கிளம்புகிறது. கத்தரிப்பூ பத்திரம்.”

அவர் போனதும் செல்வி அந்தப் பூவை நோட்டில் வரைந்துகொண்டாள்.

மறுநாள் அம்மா வாரைத் தைத்தார். பூவில் அறுந்திருந்த நூலைச் சரிசெய்யச் செல்வியிடம் கொடுத்தார். அவள் பார்க்காத கத்தரிப்பூவா? நடுவில் மஞ்சளாகத்தானே இருக்கும்! பாவம், தைத்தவர்களுக்குத் தெரியவில்லை. சுழியைப் பிரித்துவிட்டு மஞ்சள் நூலால் நிரப்பினாள்.

புதன்கிழமை ஜுகாவின் விரல் அந்த மஞ்சளில் வந்து நின்றது. அவர் கோபப்படவில்லை. மெல்ல முக்காலியில் உட்கார்ந்தார்.

கைபேசி செய்தி வாசிப்பது போலச் சொன்னது: “எங்கள் டயாக் மக்களில், ஊரைவிட்டுப் புறப்படும் இளைஞர்கள் இந்தப் பூவைத் தோளில் பச்சை குத்திக்கொள்வார்கள். நான் ஊசிக்குப் பயந்த கோழி. அக்கா பையில் தைத்துக் கொடுத்தாள்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நடுவில் இருந்த சுழி உயிரின் கயிறு; புது வாழ்வின் தொடக்கம்” என்றது கைபேசி.

அம்மாவின் சிரிப்பு நின்றது. “யாருளா அதப் பிரிச்சது?”

“நாந்தாம்மா. நம்ம வயல் பூ மாதிரி இருக்கட்டும்னு...”

“இப்ப அது எத்தனை சுத்துன்னு யாருக்குத் தெரியும்? மூணு மணிக்குக் கப்பலாம்லா.”

ஜுகாவுக்கும் தெரியவில்லை. அது எப்போதும் அவர் தோளில்தானே இருந்தது.

செல்விக்குத் தெரியும். ஆனால் நோட்டைத் திறந்தால் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்களே. ஊசியைக் கீழே வைத்தாள். பிறகு துணிக் குவியலுக்குள் கைவிட்டு நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்தாள்.

மூன்றரைச் சுற்று. இடமிருந்து வலம்.

மஞ்சளைப் பிரித்து, ஒவ்வொரு சுற்றாகத் தைத்தாள். பூ மனதில் பதிந்ததும் நோட்டைப் பார்ப்பதை விட்டாள். ஜுகா மெதுவாக அதைப் புரட்டினார். ஆளில்லாத கடற்கரை. நங்கூரமிட்ட கப்பல். கடைசியில், மூடிய பள்ளிக்கூட வாசலில் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு சிறுமி. அந்தப் பக்கத்தை அவர் மூடவில்லை.

செல்வி பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். “முடிஞ்சுது.”

ஜுகா சுழியைத் தடவிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, படத்துச் சிறுமியின் தோளில் ஒரு குட்டிக் கத்தரிப்பூ வரைந்தார். நடுவில் மூன்றரைச் சுற்று.

நோட்டை அவளிடம் நீட்டினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, துறைமுகத்தைப் பார்த்து நடந்தார்.