இரும்பு நுழையாத வாசல்

1933, மார்ச் மாதம். காலை மணி ஆறேகால். ஆம்பூரில் கலீமுல்லா சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் பன்னிரண்டு வருஷமாக அசையாமல் நின்ற மோட்டார் காருக்குப் பக்கத்தில், வேலாயுதம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் முழுக்கப் பாடுபட்டு அவர் கழற்றி வைத்த பல்சக்கரத்தைக் காணோம்.

யாருக்கும் ஐயோ பாவம் என்றுதான் தோன்றும். வேலாயுதம் வேலூரில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். பிள்ளைகுட்டி இல்லை. இருப்பதெல்லாம் ஒரு பழைய கார். தூங்குவதுகூட அதன் பின்சீட்டில்தான். அது பல்சக்கரம் உடைந்து மூன்று மாதமாகப் படுத்துவிட்டது. செய்த கம்பெனியோ மூடியாகிவிட்டது. அதே தினுசு வண்டி ஜில்லாவில் இன்னொன்றுதான் உண்டு. அதைத்தான் சாயபு இரும்பு வியாபாரிக்கு விற்றுவிட்டார். இன்று பத்து மணிக்குச் சம்மட்டிக்காரர்கள் வந்து உடைத்து ஏற்றிக்கொண்டு போவார்கள். அதற்குள் வேண்டியதைக் கழற்றிக்கொள் என்று சாயபு கொடுத்தது ஒரே ஒரு நாள்.

மணி ஏழு. சப்-இன்ஸ்பெக்டர் ஆதிகேசவன் சைக்கிளில் வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது, தனிக்கட்டை. எட்டு வருஷத்தில் ஆறு ஊர் மாற்றல். ஆம்பூருக்கு வந்து நாலு மாதமாகியும் ஒருவரும் அவரை வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டதில்லை. போலீஸ்காரனை யார் கூப்பிடுவார்கள்? அதனாலோ என்னவோ, யார் பேசினாலும் அவர் ஆசையாகக் கேட்பார்.

"கடைசியா எப்போ பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம் சார். இதோ, இப்படித்தான் கட்டி வரிசையா வச்சேன்."

விளக்கு, ஹாரன், இன்னும் ஏதேதோ சாமான்கள். ஒவ்வொன்றும் எண்ணெய்த் துணியில் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. குழந்தையைத் துணியில் சுற்றுகிற பக்குவம்.

"நடுவுல எங்கேயாவது போனீங்களா?"

"அஞ்சரைக்குக் கிணத்துல குளிக்கப் போனேன். அப்புறம் இந்தக் கார்லயே படுத்துட்டேன். விடிஞ்சு பாத்தா சக்கரம் இல்ல."

"வேண்டியதெல்லாம் கழட்டியாச்சா?"

"எங்கே சார்! என்ஜினுக்குள்ள கிராங்கு இருக்குது. அதான் முக்கியம், என் வண்டியில அது போச்சுன்னா அப்புறம் எங்கேயும் கெடைக்காது. ஒருத்தன் அடியில படுத்துப் புடிக்கணும், ஒருத்தன் மேல திருகணும். ஒத்தை ஆளு இன்னா செய்வேன்? ரெண்டு நாள் டயம் குடுங்க, வேலூர்லேர்ந்து ஆளைக் கூட்டியாறேன்னு முதலாளி கால்ல விழாத குறையா கேட்டேன். முடியாதுன்ட்டாரு." எழுதி வைத்திருந்த புகார்க் காகிதத்தை நீட்டினார். "சார், இது கேஸுன்னு ஆய்ட்டா, முடியற வரைக்கும் இந்தக் காரை யாரும் தொடக்கூடாதுல்ல?"

"பதிஞ்சா தொடக்கூடாது" என்று காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார் ஆதிகேசவன்.

இரும்பு வியாபாரியின் ஆள் அந்தோணி மாட்டு வண்டியில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"நேத்து வந்தியாமே?"

"ஆமா சார், காரைப் பாக்க வந்தேன். ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டறப்போ போய்ட்டேன். அப்புறம் உள்ளே இருந்தது ரெண்டே பேரு. இவரு, அப்புறம் செல்லம்மா. சாவி அந்தம்மாகிட்டதான் இருக்குது. எனக்கு இன்னாத்துக்குப் பேஜாரு?"

மணி ஏழரை. தோல் ஊறவைக்கும் தொட்டிக் கொட்டகை வாசலில் ஆதிகேசவன் கால் வைக்கும்போதே ஒரு குரல் தடுத்தது.

"ஐயா, நில்லுங்க! பூட்ஸுல ஆணி இருக்கும். வெளியே வுட்டுட்டு வாங்க."

செல்லம்மாள். பதினெட்டு வருஷமாக அங்கே தோல் பதனிடக் கடுக்காய் இடிக்கிறவள். ஆதிகேசவனுக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்மா, ஆணி இன்னா பண்ணும்?"

"கடுக்கா தண்ணியில இரும்பு பட்டா தோலு மையாட்டம் கறுத்துப்பூடும் ஐயா. இங்க யாரும் இரும்பு கொண்டார மாட்டோம்."

வாசலில் ஒரு மூங்கில் முளை. அவளுடைய சாவிக்கொத்து அதில்தான் தொங்கியது. உள்ளே தோல் கட்டுகள் எல்லாம் சணல் கயிற்றில். ஆதிகேசவன் பூட்ஸைக் கழற்றிவிட்டு நுழைந்தார்.

"நேத்து எங்கே படுத்தே?"

"அதோ அந்த ரூம்புலதான். எனக்கு வேற ஏது வீடு? புருசன் செத்ததுலேர்ந்து இங்கதான் கெடக்கறேன். திருடின்னு பேரு வந்துட்டா முதலாளி ஒரு நிமிசம் வைக்க மாட்டாரு ஐயா. எனக்குப் போக்கிடம் இல்ல." குரல் கெட்டியாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டுக் கடுக்காயை இடிக்கக் குனிந்தாள்.

மணி ஏழு ஐம்பது. தொட்டிப் பக்கம் மேஸ்திரி நிசார் அஹமது அலறினார்.

"யா அல்லா! எவன்டா இரும்பு போட்டது?"

அவர் தூக்கிப் பிடித்த தோலில் மை கொட்டினாற்போலக் கறுப்புத் திட்டு. ஆதிகேசவன் மூங்கில் கழியை வாங்கித் தொட்டியைத் துழாவினார். ஒரு மூட்டை தட்டுப்பட்டது. வெளியே எடுத்துக் கட்டை அவிழ்த்தார். எண்ணெய்த் துணிக்குள் விரல் கனத்துக்குக் கிரீஸ். கிரீஸுக்குள் பல்சக்கரம், ஒரு பல்கூடத் துருவேறாமல்.

"நான் சொன்னேன்ல சார்?" என்றான் அந்தோணி. "அந்தம்மா தொட்டியிலயே கெடைச்சுது பாருங்க."

"நான் இல்ல ஐயா" என்றாள் செல்லம்மாள். பதினெட்டு வருஷம் கூடவே வேலை செய்த நிசார் அஹமது அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு தோலைப் பார்த்தார். அவளுக்காக ஒரு வார்த்தை பேச அங்கே ஆள் இல்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆதிகேசவன் அவிழ்த்துப் போட்ட கட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

மணி எட்டரை. நாலு பேரையும் கார்க் கொட்டகைக்கு வரச் சொன்னார்.

"செல்லம்மா எடுக்கலை. சாவியைக்கூட வாசல்ல மாட்டிட்டுப் போறவ, இரும்பைக் கொண்டுபோய்க் கடுக்காய்த் தொட்டியிலயா போடுவா? மேஸ்திரியும் போட மாட்டார். இது இந்த வேலை தெரியாத வெளி ஆளு பண்ணின தப்பு."

எல்லாரும் அந்தோணியைப் பார்த்தார்கள். "இன்னா, என்னியப் பாக்கறீங்க!" என்று பீடியைக் கீழே போட்டான்.

"அவனும் இல்லை. அவனுக்கு இது எடை போடற இரும்பு. அதுக்கு யாராவது இவ்வளவு கிரீஸ் பூசுவாங்களா? தண்ணியில கிடந்தாலும் ஒரு பல்லுகூட வீணாகக் கூடாதுன்னு பாத்திருக்கான். அது பிரியம். சரி, சக்கரம்தான் கிரீஸுக்குள்ள பத்திரமா இருந்துதே, தோல் எப்படிக் கறுத்துது?"

கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினார். கறுத்துப்போன கட்டுக்கம்பி.

"இதனால. தோல் ஷாப்புல எல்லாம் சணல் கட்டு. கம்பிக் கட்டு இந்தக் கொட்டகையில மட்டும்தான். அதே முறுக்கு. பொருளைப் பறிகொடுத்தவன் 'கிடைக்குமா'ன்னு கேப்பான். காரைத் தொடக்கூடாதுல்லன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான். கேஸ் நடந்தா கார் நிக்கும். கேட்டும் கிடைக்காத அந்த ரெண்டு நாள் கிடைக்கும். உங்க சக்கரத்தை நீங்களே ஒளிச்சீங்க, வேலாயுதம்."

வேலாயுதம் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "நான்தான் சார். என் காரை விட்டா எனக்கு யாரு இருக்காங்க?" என்று தேம்பினார்.

செல்லம்மாள் அவர் முன்னால் வந்து நின்றாள். "யோவ், என் தலையில விடியும்னு உனக்குத் தெரியாதா? கேக்க நாதி இல்லாதவதானேன்னு நெனைச்சியா?"

"இல்லம்மா. உன்னை நான் நெனைக்கவே இல்ல."

அவர் அன்று பேசியதில் கலப்படமில்லாத உண்மை அதுதான். அதுதான் அவளைச் சுட்டது.

"நேத்து பூரா பத்தடி தூரத்துல இடிச்சுக்கினு இருந்தேன். உலக்கை புடிச்ச கை இது. கொஞ்சம் புடிம்மான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அடியில படுத்துப் புடிச்சிருப்பேன்யா."

வேலாயுதம் நிமிர்ந்தார். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்குதேம்மா..."

"இப்போ மாட்டேன்."

ஆதிகேசவன் பதியாத புகாரை வேலாயுதத்தின் கையில் திருப்பிக் கொடுத்தார். நான் பிடிக்கட்டுமா என்று அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. உடுப்பில் இருந்தார், கேட்கவில்லை.

மணி பத்து. செல்லம்மாள் முளையிலிருந்து சாவியை எடுத்துப் போய் வண்டி வருகிற பெரிய கேட்டைத் திறந்துவிட்டாள். சம்மட்டிக்காரர்கள் உள்ளே போனார்கள். முதல் அடி விழும்போது வேலாயுதம் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். செல்லம்மாள் சாவியைப் பழையபடி முளையில் மாட்டிவிட்டு இடிக்கப் போனாள்.