ஆட்சேபணை உண்டா?

பிற்பகல் மூன்று மணி. மாநாட்டு மண்டபத்தில் ஒரு நாட்டைக் காணவில்லை.

நாடு என்றால், மேஜைமேல் இருக்கும் அதன் பெயர்ப்பலகை. முழ நீள வெள்ளைப் பிளாஸ்டிக். இரண்டு பக்கமும் நாட்டின் பெயர். ஒரு தாங்கியின் பள்ளத்தில் படுக்கையாகச் செருகியிருக்கும். பேச விரும்புகிறவர் அதை உருவி நட்டமாக நிறுத்த வேண்டும். தலைவர் அதைப் பார்த்து அழைத்த பிறகுதான் மைக்கில் உயிர் வரும். பலகை இல்லாதவருக்கு அங்கே வாய் இல்லை.

பூமி சூடாவதைப் பற்றி நாடுகளெல்லாம் கூடி இரண்டு வாரம் பேசிய பேச்சின் கடைசி நாள் அது. ஓட்டெடுப்பு கிடையாது. "ஆட்சேபணை உண்டா?" என்று தலைவர் கேட்பார். ஒரே ஒரு பலகை நிமிர்ந்தாலும் ஒப்பந்தம் படுத்துவிடும். எதுவும் நிமிராவிட்டால் சுத்தியலைத் தட்டுவார். இன்று தட்டிவிட்டார்.

கைதட்டல் அடங்கியபோது ஒரு குரல் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. சின்னத் தீவொன்றின் பிரதிநிதி. முப்பது வயதுப் பெண். அந்த மண்டபத்தில் அவளுக்குப் 'பிடிவாதம்' என்று பட்டப்பெயர்.

"என் பலகையை யாரோ எடுத்துட்டாங்க! நான் ஆட்சேபிக்கறேன்!"

தலைவர் கூட்டத்தை நிறுத்திவைத்து, மண்டபத்தின் பாதுகாப்பு அதிகாரியை அழைத்தார். அவர் போலீஸ் வேலையை விட்டு இங்கே வந்தவர். இங்கே வந்தபின் பெரும்பாலும் தொலைந்த குடைகளைத்தான் கண்டுபிடித்திருந்தார்.

"நாலு மணிக்குக் கூட்டத்தை முடிச்சாகணும். யாராவது வேணும்னே எடுத்திருந்தா, மறுபடியும் ஆட்சேபணை கேப்பேன். எங்கேயாவது தவறி விழுந்து கிடந்தா, தட்டினது தட்டினதுதான்" என்றார் தலைவர்.

அதிகாரி முதலில் பிடிவாதத்திடம் போனார்.

"எதுக்கு ஆட்சேபணை?"

"கடல் உள்ளே வர்ற நாடுகளுக்குச் சுவர் கட்டப் பணம் தருவாங்களாம். புகையை எப்ப நிறுத்துவாங்கன்னு தேதி மட்டும் சொல்ல மாட்டாங்களாம். பாத்திரம் வழியுது, குழாயை மூடாம துடைக்கத் துணி குடுக்கற மாதிரி."

"பலகையைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"இடைவேளைக்கு முன்னாடி. எங்க அமைச்சர் போன்ல வந்தார். 'போய்ப் பேசிட்டு வாம்மா, நேரம் இருக்கு'ன்னு அக்காதான் அனுப்பினாங்க."

அக்கா என்றது பக்கத்து இருக்கைக்காரரை. பக்கத்துத் தீவின் பிரதிநிதி. பத்து வருடமாக எந்த ஊரில் மாநாடு நடந்தாலும் இருவருக்கும் ஒரே அறை.

"நான் ஓடி வந்து உக்கார்றேன், தலைவர் கேட்டுட்டிருக்கார். பலகையைத் தேடினா இல்லை. கையைத் தூக்கிக் கத்தினேன். பாவம், அக்காகூட எனக்காகக் கையைத் தூக்கி ஆட்டினாங்க. அதுக்குள்ள டொக்குனு தட்டிட்டார்."

அடுத்து, எண்ணெய் தோண்டும் நாடொன்றின் பிரதிநிதி. மண்டபம் முழுக்க அவரைத்தான் கண்ணால் சுட்டிக்கொண்டிருந்தது.

"அந்தப் பலகையைத் திருடி நான் என்ன சார், கடைக்கு மாட்டப் போறேனா?"

"இடைவேளையில எங்க இருந்தீங்க?"

"மேடையில. தலைவரோட காதைக் கடிச்சிட்டிருந்தேன். வேணும்னா காதைப் பாருங்க."

தலைவர் சலிப்போடு தலையசைத்தார். உண்மைதான், அவர் நகரவே இல்லை.

"ரெண்டு பேர் கையைத் தூக்கியிருக்காங்க. நீங்க பார்க்கலையா?" என்று தலைவரிடமே கேட்டார் அதிகாரி.

"கையா? ஒருத்தர் தலை சொறிவார், ஒருத்தர் டீ கேப்பார். நான் பலகையை மட்டுந்தான் சார் பார்ப்பேன். இங்க உக்காந்திருக்கிற எல்லாருக்கும் அது தெரியும்."

மேஜைகளுக்கு அடியில் தேடியாகிவிட்டது. குப்பைக் கூடைகளையும் கொட்டிப் பார்த்தாகிவிட்டது. யாரும் பலகையோடு வெளியே போகவில்லை என்று வாசல் காவலர்கள் அடித்துச் சொன்னார்கள்.

கடைசியாக அக்கா. ஐம்பது தாண்டியவர். பெரிய கைப்பையைப் பெயர்ப்பலகைமேல் சாய்த்து வைத்து, அதன்மேல் கையையும் வைத்திருந்தார்.

"இடைவேளையில வெளிய போனீங்களாம்மா?"

"இல்லை தம்பி. முட்டி வலி. எழுந்திரிக்கவே இல்லை."

"இந்தப் பக்கம் யாராவது வந்தாங்களா?"

"கவனிக்கலையேப்பா."

அதிகாரி தாழ்வாரத்துக்கு வந்து சுவரில் சாய்ந்தார். எல்லாரும் சொன்னதை மனத்துக்குள் மறுபடி ஓட்டினார். ஓர் இடத்தில் இடறியது. இடறியது பிடிபட்டபோது, பிடிபடாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மூன்றே முக்கால். அந்த இரண்டு பெண்களையும் தவிர அனைவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

"அம்மா, உங்க பலகையை ஒரு தடவை நிமிர்த்திக் காட்டுங்க."

அக்கா கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"எதுக்கு சார்? காணாமப் போனது என்னோடது" என்றாள் பிடிவாதம்.

"உங்ககிட்ட பலகை இல்லை. கையைத் தூக்கினீங்க, சரி. இவங்க முன்னாடிதான் பலகை இருந்ததே. அதை நிமிர்த்தியிருந்தா தலைவர் உடனே நின்னிருப்பார். தலைவர் கையைப் பார்க்கமாட்டார்னு தெரிஞ்சவங்க, எதுக்குக் கையைத் தூக்கினாங்க?"

அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நிமிர்த்தினா இன்னொண்ணும் கூடவே வரும். அதான்" என்றார் அதிகாரி.

அவர் கைப்பையை நகர்த்திப் பலகையை உருவினார். அதன் முதுகோடு ஒட்டி இரண்டாவது பலகை இருந்தது. மண்டபம் முழுக்க முன்பலகையின் பெயரைத்தான் படித்திருக்கும். பின்பலகையின் பெயர், அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.

"வேற யாராவது செருகியிருந்தா, உக்காந்த இடத்துலேயே இவங்க பார்த்திருப்பாங்க. பையை வெச்சு மறைச்சிருக்கமாட்டாங்க."

"அக்கா?" குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது.

"எங்கம்மாவைப் போன வருஷம் ரெண்டாவது தடவை புதைச்சேன்டி" என்றார் அக்கா. "இடுகாட்டுக்குள்ள கடல் வந்துடுச்சு. மூணாவது தடவை புதைக்க எங்ககிட்ட மேடு இல்லை. நீ சொல்ற தேதி வர்றவரைக்கும் உன் தீவு தாங்கும். அங்க மலை இருக்கு. எங்களுக்கு இந்த வருஷமே சுவர் வேணும். அது அரைச் சுவரா இருந்தாலும் சரி."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அழுதிருப்ப. அழுதுட்டுப் பலகையைத் தூக்கியிருப்ப."

பிடிவாதம் மறுக்கவில்லை. அதுதான் அக்காவின் கண்ணைக் கலங்க வைத்தது.

"தப்புதான். உன் வாயைப் பொத்திட்டேன். உனக்காகக் கத்தற மாதிரி கையை வேற ஆட்டினேன் பாரு... அந்தக் கையைத்தான் பார்க்க முடியலை. தம்பி, போய்ச் சொல்லிடுங்க."

சொன்னால் ஆட்சேபணை வரும், ஒப்பந்தம் படுக்கும், சுவர் வராது. சொல்லாவிட்டால் புகை நிற்காது. குடைகளைத் தேடியபோது இப்படி ஒரு நெருடல் வந்ததில்லை.

மூன்று ஐம்பத்தைந்துக்குப் பிடிவாதம் எழுந்தாள்.

"கீழே விழுந்து கிடந்துச்சுன்னு சொல்லிடுங்க சார்."

"அது பொய்ம்மா. உங்க அமைச்சர்..."

"கிழிச்சுத் தொங்கவிடுவார். அதை நான் பார்த்துக்கறேன்."

அக்கா அவள் கையைப் பிடித்தார். அவள் அதை மெதுவாக விலக்கிவிட்டாள்.

"உங்க அம்மாவுக்காக, மேடம்" என்றாள். பத்து வருடத்தில் முதல் முறையாக மேடம்.

கதவு திறந்தது. தலைவர் கேட்டார். அதிகாரி சொன்னார்: "மேஜைக்கு அடியில விழுந்து கிடந்தது சார். யாரும் எடுக்கலை." தேடிய இடத்தையே சொல்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. தலைவர் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தை முடித்தார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அக்கா மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

வெளியேறும் கூட்டத்தில் எண்ணெய் நாட்டுக்காரர் அதிகாரியைத் தேடி வந்து கையைக் குலுக்கினார்.

"பெரிய உதவி சார். உங்களை மறக்கமாட்டோம்."

அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது. அதிகாரி விடுவித்துக்கொள்வதற்குள் யாரோ அதைப் படம் எடுத்துவிட்டார்கள்.